கூப்பிடு தூரத்தில் ஒரு தீவு

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக விடுமுறை எடுத்தது எதற்காக? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாக இருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். கருமாதிக்குப் போயிருப்பீர்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக, தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூச என்று எடுத்திருப்பீர்கள். சும்மா ஓய்வாக இருப்பதற்கென்று ஒரே ஒரு நாள் எடுத்ததுண்டா?

"இதென்னம்மா, வேலை வெட்டி இல்லாத பேச்சு!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அப்படித்தான் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். கூடவே, நிபோங் திபாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்னத் தீவையும் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன்.

மழை நாளும் ஓய்வு நாளும்

பால்மரக் காலத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. அதற்குப் பிறகு மரம் சீவ ஓட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பட்டை ஈரமாகிவிடும். பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. லயத்து வாசலில் அமர்ந்து, ஒழுகும் தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாவின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அது ஓய்வெடுக்கிறவர் முகமா? இல்லவே இல்லை. கடைப் பற்றை எப்படி அடைப்பது என்று கணக்குப் போடுகிறவர் முகம்.

அதனால்தான் சொல்கிறேன். நம் வீடுகளில் வேலை செய்யாமல் இருக்கும் நாள் என்றால் அது நஷ்டப்பட்ட நாள். இந்த எண்ணம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய்த் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் பத்து காவானிலும் பிறையிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தால் மனம் குறுகுறுக்கிறது. யாரோ பின்னால் நின்று அதட்டுவது போல் இருக்கிறது.

படத்தில் பார்க்கும் தீவுகள்

பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் கிரேக்க நாட்டுத் தீவுகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்ற வீடுகள், நீலக் கடல், கல் பதித்த சந்துகள். அங்கே ஹைட்ரா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கார்களை ஓட்ட அனுமதியில்லை. வீட்டுச் சாமான்களைக்கூடக் கழுதையிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள். அந்த அமைதிக்காகவே ஐரோப்பிய நாட்டவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து அங்கே போய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

இன்னொரு கிரேக்கத் தீவின் கதையையும் கேளுங்கள். அதன் பெயர் கலிம்னோஸ். அந்தக் காலத்தில் அந்தத் தீவு மக்களின் தொழில், கடலுக்கடியில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுப்பதாக இருந்தது. அதிக ஆழத்துக்குப் போய் மேலே வந்ததால் கைகால் முடங்கியவர்கள் ஏராளம். உயிரை விட்டவர்களும் உண்டு. பிழைப்பைத் தேடி அங்கிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதைப் போலத்தான். ஆகவே வாசகர்களே, ஒருவருக்கு ஓய்விடமாகத் தெரிகிற தீவு இன்னொருவருக்கு வியர்வை சிந்துகிற இடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தீவுக்கு வாருங்கள்.

பூலாவ் அமான்

நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தத் தீவின் பெயர் பூலாவ் அமான். அமைதித் தீவு என்று பொருள். நிபோங் திபாலிலிருந்து சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் வழியாக வடக்கே போய், பத்து காவான் பக்கம் திரும்பினால் பத்து மூசாங் படகுத்துறை வரும். அங்கே படகு ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவில் இறங்கிவிடலாம். கடல் காற்று முகத்தில் பட்டு, நெற்றியில் வியர்வை காய்வதற்குள் படகு கரை சேர்ந்துவிடும்.

போகிற வழியில் பத்து காவானைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு காலத்தில் அதுவும் ஆறுகள் பிரித்துவைத்த தீவாகத்தான் இருந்தது. அங்கே முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் சீனர்கள். 1840-களிலிருந்து வெள்ளைக்காரர்களும் இந்த வட்டாரத்தில் பெரிய கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். நிபோங் திபால் கலிடோனியா தோட்டமும் கரும்பில் தொடங்கியதுதான். அந்தக் கரும்பை வெட்டுவதற்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்றைக்கு அங்கே தொழிற்பேட்டையும் விளையாட்டரங்கமும் 2014-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலமும் இருக்கின்றன. பாலத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். அத்தனை பரபரப்புக்கும் பக்கத்தில், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் படுத்திருக்கிறது பூலாவ் அமான்.

தீவில் இருப்பது ஒரு மலாய் மீனவக் கம்பம். கார் கிடையாது. கடலோரமாகச் சிமெண்டுப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தால் ஒரு பக்கம் வீடுகள், வாசலில் காயும் வலைகள், பூச்சட்டிகள், திண்ணையில் தூங்கும் பூனைகள். மறு பக்கம் கடல். இதில் ஒளிவு மறைவு எதற்கு? இது வெள்ளை மணலும் நீலத் தண்ணீருமான கடற்கரை அல்ல. நம் பக்கத்துக் கடல் கலங்கிய கடல். வற்றம் இறங்கினால் சேறு தெரியும். குளித்துக் கும்மாளம் போட வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். இங்கே கிடைப்பது வேறொன்று. சத்தமில்லாத பொழுது.

அங்கே ஒரு பழைய கிணறு உண்டு. தெலாகா எமாஸ், அதாவது தங்கக் கிணறு என்கிறார்கள். 1789-ஆம் ஆண்டில் தோண்டியதாகவும், தோண்டும்போது பொன் கிடைத்ததாகவும் ஊரில் கதை சொல்லுகிறார்கள். பொன் கிடைத்ததோ என்னவோ, சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர் கிடைத்ததே பொன் கிடைத்த மாதிரிதானே? கூலி லயத்துக் குழாயடியில் வாளி வைத்து வரிசை நின்ற நமக்கு அது சொல்லாமலே புரியும்.

ஒரு மரம் சொல்லும் கதை

தீவின் பெருமைக்குரிய இன்னொன்று ஒரு சீமைப்பலா மரம். மலாய்க்காரர்கள் சுக்குன் என்பார்கள். நம் சந்தைகளிலும் பார்த்திருப்பீர்கள். துண்டு போட்டுப் பொரித்தால் மொறுமொறுவென்று இருக்கும். 1890-இல் நட்ட மரம், நாட்டிலேயே வயதான சுக்குன் மரம் இதுதான் என்று சொல்லுகிறார்கள்.

இந்த மர இனத்துக்கும் நம்மைப் போன்ற தோட்டத்து மக்களுக்கும் ஓர் உறவு இருக்கிறது. பசிபிக் கடல் தீவுகளில் இது மக்களின் அன்றாட உணவு. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த வெள்ளை முதலாளிகள், தங்கள் அடிமைகளுக்குச் செலவில்லாமல் சோறு போட வழி தேடினார்கள். ஒரு மரம் நட்டால் ஆண்டுக்கணக்கில் காய்க்கிறதே என்று இந்தக் கன்றுகளைக் கொண்டுவரக் கப்பல் அனுப்பினார்கள். கேப்டன் பிளை என்பவர் தாகித்தி தீவில் கன்றுகளை ஏற்றி வந்தபோது, 1789-இல் அவருடைய பவுண்டி கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து அவரைச் சிறு படகில் இறக்கிவிட்டார்கள். அவர் உயிர் தப்பி, மறுபடியும் புறப்பட்டு, 1793-இல் கன்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் அடிமைகளுக்கு அந்தக் காய் தொடக்கத்தில் பிடிக்கவில்லையாம்!

பிரிட்டிஷ் ஆட்சி 1834-இல் அடிமை முறையை நிறுத்தியது. பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? உலகம் முழுவதும் அந்த இடத்தை நிரப்பப் போனவர்களில் நம் தமிழர்களும் உண்டு. நம் செபராங் பிறைக் கரும்புக் காடுகளும் அந்தக் காலத்தில்தான் பெருகின. மலாயாவில் அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-இல்தான் ஒழிந்தது. அந்த மரத்தின் அகன்ற நிழலில் நின்றபோது எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்தது. கூலியின் வயிற்றை நிரப்பக் கணக்குப் போட்ட மரம் இன்று யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று நிழல் தருகிறது.

அம்மாவுக்கு வந்த சந்தேகம்

நாங்கள் போனது ஒரு வார நாளில். என் கணவர், நான், இரண்டு பேரப்பிள்ளைகள், எண்பதைத் தொட்ட என் அம்மா. நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர். "கடலைப் பாக்க எதுக்குப் புள்ள காசு? டிவியில காட்டுறானே!" என்று சொல்லிக்கொண்டேதான் படகில் ஏறினார்.

கடலோரத்துச் சாப்பாட்டுக் கடையில் மீ ஊடாங் வாங்கினோம். அந்தத் தீவுக்குப் பெயர் வாங்கித் தந்த சாப்பாடு அது. உள்ளங்கை நீளத்து இறால்கள் மேலே கிடக்கும். சிவந்த குழம்பில் இனிப்பும் காரமும் சேர்ந்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டுகளை ஒன்றாக அடுக்கினார். மேசையைத் துடைத்தார். கீழே கிடந்த காய்ந்த இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். கடைக்கார அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்து, "உட்காருங்கள், இது எங்கள் வேலை" என்று மலாயில் சொல்லி மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார்.

அம்மா உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஏண்டி, இப்படிக் குந்தியிருந்தா கிராணி பேர் போடுவாரா?"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் வாசகர்களே, அது முழுக்க வேடிக்கைப் பேச்சு அல்ல என்று எனக்குத் தெரியும். உழைக்காத பொழுதுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று பழக்கப்பட்ட மனம் அது. எண்பது வயதிலும் அதற்கு அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது.

அப்புறம் அவர் பேசவில்லை. படகு ஒன்று வலை இழுத்துப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் கைப்பேசியை மறந்து நண்டு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா தாமாகவே தம் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தாத்தா கண்ட தீவு

என் தாத்தா 1930-களில் ராஜூலா கப்பலில் வந்தவர். அப்போது பினாங்குக்கு வரும் கப்பல் கூலிகளை நேரே தோட்டத்துக்கு அனுப்பமாட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவை ஒட்டியிருக்கும் பூலாவ் ஜெரெஜாக்கில் இறக்கித் தடுத்து வைப்பார்கள். அம்மை, காலரா, பிளேக் எதுவும் உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்கான தடுப்பு முகாம் அது. துணியை அவிப்பது, ஊசி போடுவது, குளிக்க வைப்பது எல்லாம் அங்கேதான். அதே தீவில் தொழுநோயாளிகளையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"எங்கப்பா மலாயாவுல முதல் ராத்திரி தூங்குனது தீவுலதான். எதிர்ல கரை தெரியுமாம். போக முடியாதாம். ஊருக்கும் திரும்ப முடியாது. ராத்திரியெல்லாம் பொம்பளைங்க அழுத சத்தம் கேக்குமாம். அதனால சாகுற வரைக்கும் தீவுன்னு சொன்னாலே அவருக்குப் பிடிக்காது" என்றார் அம்மா.

கங்காணிகள் ஆள் கட்டி வருவது 1938-இல் நின்றது. ஜெரெஜாக்கில் 1969-இல் சிறை முகாம் வைத்தார்கள். 1993-இல் அதையும் மூடினார்கள். அதன் பின்னர் உல்லாச விடுதி கட்டினார்கள். நம் முன்னோரை அடைத்து வைத்த இடத்தில் பணம் கொடுத்துத் தங்கியவர்களும் உண்டு. காலம் அப்படித்தான் புரட்டிப் போடும். ஆனால் நமக்குள்ளே ஒன்று மட்டும் மாறவில்லை. தாத்தாவுக்குத் தீவு என்றால் பயம். அம்மாவுக்கு ஓய்வு என்றால் பயம். அந்தப் பயத்தை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்க வேண்டுமா?

உங்கள் கணக்கில் இருக்கும் நாள்கள்

ஓய்வு யாரோ போடும் பிச்சையல்ல. அது சட்டம் தரும் உரிமை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. பொது விடுமுறைகள் இதில் சேராது. சங்கம் வைத்து, கூட்டம் போட்டு, வேலை நிறுத்தம் செய்து, பட்டினி கிடந்து தொழிலாளர்கள் போராடிய காலத்தின் பலன்தான் இப்படிப்பட்ட சட்டங்கள். நம் பிள்ளைகள் பலர் அந்த நாள்களைச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே செலவழிக்கிறார்கள். மிச்சம் இருந்தால் ஓவர்டைம் பார்க்கப் போகிறார்கள்.

கடன் இருக்கிறது, கார் தவணை இருக்கிறது, அதெல்லாம் எனக்குத் தெரியாதா? கிரேக்க நாட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. 16 நாளில் ஒரே ஒரு நாளை எடுங்கள் என்கிறேன். தீபாவளிக்கு வெடிக்கும் மத்தாப்புக்கும் ஆகும் காசில் ஒரு குடும்பம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். கார் இல்லாதவர்கள் நாலு குடும்பமாகச் சேர்ந்து ஒரு வேன் பிடியுங்கள்.

புறப்படுமுன்

சில விவரங்கள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் சனி ஞாயிறைத் தவிர்த்து விடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரம். அன்றைக்குப் போகாமல் இருப்பதே மேல். படகில் ஏறும்போதே திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசிப் படகை விட்டால் திண்டாட்டம். உயிர்காப்பு உடையைக் குழந்தைகளுக்கு மறக்காமல் மாட்டுங்கள். வற்ற நேரத்தில் படகு தாழ இருக்கும். பெரியவர்களை இரண்டு பேர் பிடித்து ஏற்றி இறக்குங்கள். குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். கடையில் எல்லாம் கடல் சாப்பாடுதான். அது முஸ்லிம்கள் வாழும் கம்பம். மது, பன்றி இறைச்சி எடுத்துச் செல்லக்கூடாது. பாட்டுப் பெட்டியை அலற விடாதீர்கள். அந்த மக்களுக்கு அது சுற்றுலாத் தலம் அல்ல, பிழைப்பிடம். விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்தவர் மத்தியானம் தூங்கிக்கொண்டிருப்பார். நம் லயத்தில் வெட்டு முடித்து வந்து தூங்குகிறவர் வீட்டு வாசலில் யாராவது கூச்சல் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதே மாதிரிதான். கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். அங்கே போய் "அடுத்து என்ன பார்ப்பது?" என்று ஓடாதீர்கள். கிணற்றையும் மரத்தையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரம் உட்கார்ந்திருங்கள். முதல் அரை மணி நேரம் மனம் கிடந்து தவிக்கும். பொறுங்கள். கடல் ஏறும், இறங்கும். பக்கத்தில் இருப்பவர் பேச ஆரம்பிப்பார். வீட்டில் இருபது வருடமாகச் சொல்லாத கதையைச் சொல்லுவார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். நாளைக்கு, அடுத்த வருடம் என்று தள்ளிப் போடாதீர்கள். அவர்களுக்கு வருடம் நம்மைப் போல் தாராளமாக இல்லை.

உழைத்து உழைத்து இந்த நாட்டில் காடு கழனி திருத்திய பரம்பரை நம்முடையது. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் உழைக்க மட்டுமே பிறந்தவர்கள் நாம் என்று யார் சொன்னது? பத்து மூசாங்கில் படகு காத்திருக்கிறது. கிராணியும் இல்லை, தண்டலும் இல்லை. ஒரு நாள் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.